வேண்டிக்கொண்டது

மனநிலை சரியில்லாத மகன் வீட்டைவிட்டுப் போய் மூன்று நாளாகிறது. அன்றிலிருந்து கண்மூடாத மனைவி இன்று விடியற்காலையில்தான் அசந்து தூங்கினாள். போன் மணிக்குக்கூட எழவில்லை. பஸ் டிரைவரான கணவர், மகனின் மருந்துச் சீட்டைத் திருப்பிப்போட்டு, பின்பக்கத்தில் எழுதினார்.

"போலீஸ் ஸ்டேஷன்ல இருந்து கூப்பிட்டாங்க. ஆஸ்பத்திரியில ஒரு உடம்பு இருக்காம். நம்ம பையனான்னு நான் பாத்துச் சொல்லணுமாம். நீ வராதே. பால் காய்ச்சி வச்சிருக்கேன், ரெண்டு வாயாவது குடி."

பேனா நின்றது. நேற்றுச் சாயங்காலம் அவள், "ஏங்க, அவனைக் கடவுள் பாத்துப்பாருங்க" என்றாள். "ஆமா, வேடிக்கை பாத்துக்கிட்டுத்தான் இருக்காரு!" என்று இவர் கத்திவிட்டார். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நேத்து கத்தினதுக்கு மன்னிச்சுக்கோ. ஆனா சொன்ன வார்த்தைக்கு மன்னிப்புக் கேக்க எனக்கு மனசு வரலை.

இப்ப போனை வச்சதும் நானும் வேண்டிக்கிட்டேன், அது அவனா இருக்கக் கூடாதுன்னு. அப்புறம்தான் உறைச்சுது. அப்போ அது வேற யாரோ பெத்த பிள்ளையா இருக்கணும்னுதானே கேட்டிருக்கேன்? இதுக்கு மேல என்ன கேக்கறதுன்னு தெரியலை. உனக்குத் தெரிஞ்சா நீ கேளு."

சீட்டில் இடம் தீர்ந்துவிட்டது. வாசல்வரை போனவர் திரும்பி வந்து, ஓரத்தில் பொடி எழுத்தில் நுழைத்தார்.

"அவன் சாவி எடுத்துட்டுப் போகலை. கதவைத் தாழ் போடாதே."