பள்ளத்து நிரையில் நிற்கிறேன், அம்மா

என் ஆசை அம்மாவுக்கு,

நான் வாய் திறந்து பேசினேன் என்றால் நீ நம்புவாயா? கோயிலில் பாட்டுப் பாடும்போதுகூட உன் முதுகுக்குப் பின்னால் நின்று உதட்டை மட்டும் அசைத்தவள் நான். நீ கண்ணை மூடிய பிறகு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். உன் கூடையைத்தான் மாட்டிக்கொண்டு தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகிறேன். அப்பாவுக்கு இளைப்பு கூடிவிட்டது. வேலைக்குப் போக முடியவில்லை. வேலைப் பதிவில் இருக்கிற என் பேரை நம்பித்தான் தோட்டத்து லயத்தில் நமக்கு இந்த ஒற்றை அறைக் காம்பரா இருக்கிறது. என் பேர் போனால் அதுவும் போய்விடும். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மற்றது உனக்குப் புரியும்.

ஆற்றோரத்து மலையில் கடைசி நிரை பள்ளத்துக்குள் இறங்குமே, பாசி பிடித்த பாறையும் அட்டையுமாக, உனக்குத் தெரியும். கங்காணி அதை ராசம்மா அக்காவுக்குக் கொடுத்தார். அவளுக்கு மாதம் நெருங்கிவிட்டது. ஆனால் அவள் புருஷன் சங்கத்தில் சேர்ந்ததிலிருந்து அவளுக்கு எப்போதும் அந்த நிரைதான்.

"கங்காணி ஐயா, அக்கா புள்ளத்தாச்சிங்க. அந்த நிரைய எனக்குக் குடுங்க."

சொன்னது நான்தான், அம்மா. என் குரலா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

"அட, ஞானம்மா மக வாயத் தொறந்துட்டாளா! நிரை குடுக்கிறது நீயா, நானா?"

"நீங்கதாங்க. ஆனா இது நியாயமில்லைங்க."

"இலங்கையில குடியுரிமையும் ஓட்டும் இல்லாத சனம். இதுக்கு நியாயம் வேற கேக்குதோ?"

"இவருக்கு மட்டும் ரெண்டு ஓட்டு இருக்கிற மாதிரி" என்று பின்னாலிருந்து செல்லாயி அத்தை முணுமுணுத்தாள். நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள். அவருக்கு முகம் கறுத்துப்போயிற்று. சிரித்தவர்களை விட்டுவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டார். மறுநாள் காலை, வேலைக்குப் பேர் பதிகிற பெரட்டில் எல்லார் முன்னாலும் அவர் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். அப்போதுதான் பேராம். இல்லாவிட்டால் வேலை இல்லையாம்.

சாயங்காலம் நம் சபை உபதேசியார் ஐயா வீட்டுக்கு வந்தார். கெட்டவர் இல்லை. நமக்காகப் பயப்படுகிறார்.

"பாப்பா, கிறிஸ்தவப் புள்ளைக்குத் தாழ்மைதான் அழகு. எல்லாத்தையும் ஆண்டவர் கையில ஒப்புக்குடுத்துட்டு, ஒரு தடவ விழுந்து எந்திரிச்சிரு. உங்க அம்மாவே அவரு கால்ல விழுந்தவதானே?"

 அப்பாவைப் பார்த்தேன். அவர் அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"ஆமா. ஒன்னைய அப்பவே மலைக்குக் கொழுந்தெடுக்க அனுப்பச் சொன்னாரு கங்காணி. புள்ள இன்னுங் கொஞ்சம் படிக்கட்டும்னு கால்ல விழுந்தா. ஒனக்குத் தெரியக் கூடாதுன்னுட்டா."

அம்மா, ஏன் என்னிடம் சொல்லவில்லை? நான் வாசித்த ஒவ்வொரு பாடத்துக்கும் அடியில் உன் நெற்றி தரையில் இருந்ததா? அன்றைக்கு நீ எப்படி எழுந்து வந்து எங்களுக்குச் சோறாக்கினாய்?

 ஐயாவுக்குச் சொல்ல வேண்டியது அவர் போன பிறகுதான் தோன்றியது. ஆண்டவர் சீஷர்களின் கால்களைக் கழுவினார். கழுவு என்று யாரும் அவர் பிடரியில் கை வைத்து அமுக்கவில்லை. அவராகக் குனிந்தார். நீயும் எனக்காக, நீயாகக் குனிந்தாய். அது தாழ்மை. ஒருத்தியைப் பயமுறுத்தி ஊர் பார்க்கக் காலடியில் போட்டுக்கொள்வதற்கும் அதே பேரை வைத்தால் எப்படி? அந்தப் பேரை நான் வைக்க மாட்டேன்.

காலையில் பெரட்டுக் களத்தில் ஒரே பனி. கங்காணி ஒரு காலை முன்னால் நீட்டிக்கொண்டு நின்றார்.

"விழு."

 பொய் சொல்லவில்லை, ஓடிவிடலாம் என்றுகூட நினைத்தேன். ஆனாலும் அவர் பக்கம் முதுகைக் காட்டித் திரும்பி, மலையைப் பார்த்து முழங்காலில் நின்றேன். உதட்டை மட்டும் அசைக்கிற நான் சத்தமாகவே ஜெபம் பண்ணினேன்.

"ஆண்டவரே, என் வேலை, எங்க காம்பரா, எங்க அப்பா எல்லாம் உங்க கையில. நீங்க குடுத்தாலும் சரி, எடுத்தாலும் சரி. கங்காணி ஐயாவையும் பாத்துக்கங்க."

"ஆமென்!" என்று கத்தினாள் செல்லாயி அத்தை. மாரியம்மனைத் தவிர வேறு சாமி பேரைச் சொல்லாதவள்!

"ஒனக்குப் பேரு கெடையாது. போடி வீட்டுக்கு" என்றார் கங்காணி.

நான் வீட்டுக்குப் போகவில்லை. நேரே போய்ப் பள்ளத்து நிரைக்குள் இறங்கி நின்றுகொண்டேன். அங்கே ஆள் நிற்கிறதே, இனி ராசம்மா அக்காவை அதில் எப்படி இறக்குவார்? செல்லாயி அத்தை ராசம்மா அக்காவைத் தன் மேட்டு நிரைக்கு இழுத்துக்கொண்டாள். எனக்குத்தான் பேர் இல்லையே, நான் எடுத்த கொழுந்தையெல்லாம் அக்காவின் கூடையில் கொட்டினேன். கங்காணி கத்திப் பார்த்தார். பாறை வழுக்கும் என்று கீழே மட்டும் இறங்கவில்லை.

அன்றிலிருந்து தினமும் இப்படித்தான். தோட்டத்துத் துரை இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. காம்பராவைக் காலி பண்ணச் சொல்வார்களோ என்று அப்பா தூங்குவதில்லை. எனக்கும் பயம்தான். தோட்டத்திலேயே தாழ்ந்த இடத்தில் நிற்கிறேன். அட்டை கடிக்கிறது, கூலி இல்லை. ஆனால் இங்கே நின்றுகொண்டு ஆண்டவரிடம் பேசும்போது எனக்கு வெட்கமே வருவதில்லை, அம்மா.

நாளைக்கும் இறங்குவேன். ராசம்மா அக்கா பிள்ளை பெற்று எழுந்து வரும்வரைக்கும், யார் துரத்தினாலும், அந்த நிரை என்னுடையது. இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

நீ தலைகுனிந்து படிக்கவைத்த உன் மகள்,
எஸ்தர்