அண்ணனுக்கு வைக்காத சோறு

2024 ஆகஸ்ட் 4, ஞாயிறு

இத்தீவின் முடிசூடா மன்னனும், மிளகாய்த் தோட்டங்களின் சக்கரவர்த்தியும், எழுபத்தொன்பது வயதுவரை கல்யாணம் என்னும் பேராபத்தில் சிக்காத மாவீரனுமான பியோ தல்சூ, அதாவது நான், நேற்றும் தூங்கவில்லை.

சத்தம்தான். போன மாதம் நம் ராணுவம் இந்தக் கரையிலிருந்து ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டது. எல்லைக்கு வடக்கே இருப்பவர்கள் பதிலுக்குப் பேயைப் போடுகிறார்கள். ஓநாய் ஊளை. தகரத்தைத் தகரத்தால் சுரண்டுவது. நடுநடுவே கிணற்றுக்குள்ளிருந்து ஒரு பெண் அழுவது போல ஒன்று. இடையில் இருப்பது ஒரு துண்டுக் கடல்தான்; வெயில் நாளில் அக்கரையில் மாடு வாலாட்டுவது தெரியும். பயத்தில் என் மிளகாயெல்லாம் வெளுத்துவிட்டது. குஞ்சுகள் முட்டையை விட்டு வெளியே வர மறுக்கின்றன.

வீட்டில் நிம்மதியாகத் தூங்குவது அண்ணி ஒருவர்தான். தொண்ணூற்றிரண்டு வயது, காது மந்தம். "என்ன தம்பி, சித்தப்பனும் புள்ளையுமா மூஞ்சியத் தொங்கப் போட்டிருக்கீங்க, எழவு வீடு மாதிரி?" என்று காலையில் சிரித்தார்.

அவர் மகன் தெக்கியூ இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடவில்லை. சோற்றுக் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு, உட்கார்ந்த இடத்திலேயே மூச்சு வாங்கினான். அந்த மூச்சு எனக்குப் பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 19, திங்கள்

தெக்கியூவை இஞ்சோன் நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். என் அண்ணன் மகன். வயது எழுபத்து மூன்று. பார்ப்பவர்கள் அவனைத்தான் எனக்குச் சித்தப்பா என்கிறார்கள். என் அழகு அப்படி. டாக்டரும் என்னிடம், "உங்க அண்ணனுக்கு..." என்றுதான் ஆரம்பித்தார்.

இதயம் கெட்டுக்கொண்டு வருகிறதாம். தூக்கமில்லாமல் வரப்போகும் குளிர்காலத்தைத் தாங்காதாம். "அந்தத் தீவ விட்டு முதல்ல கெளம்புங்க."

பாலம் தாண்டித் தீவுக்குத் திரும்பும் பேருந்தில் சொல்லிப் பார்த்தேன். "உன் மக ஹேஜின் வீட்டுக்குப் போயிடுடா. பதினாலாவது மாடி. பேய் ஏறி வர்றதுக்குள்ள அதுக்கே மூச்சு வாங்கிடும்."

"அம்மா வந்தா போறேன்."

"அவங்க வர மாட்டாங்க."

"அப்ப நானும் போகல. விடுங்க சித்தப்பா."

அண்ணி வரமாட்டார். 1951 போர்க் குளிரில், அக்கரையில் என் அண்ணன் தல்ஜுன், வயிற்றில் பிள்ளையோடிருந்த அண்ணியையும் ஆறு வயது என்னையும் படகில் ஏற்றிவிட்டு, "நெல்லு மூட்டையக் கட்டிட்டு அடுத்த படகுல வரேன்" என்றார். அடுத்த படகு வரவில்லை. நாட்டை இரண்டாக வெட்டிய எல்லைக் கோடுதான் விழுந்தது. இறங்கிய துறைக்குப் பக்கத்திலேயே அண்ணி வீடு கட்டிக்கொண்டார். இடம் மாறினால் அண்ணனுக்கு வழி தெரியாதாம்.

செப்டம்பர் 1

அந்த அழுகை இன்று என் பெயரைச் சொல்வது போலிருந்தது. காற்றுதான். காற்றுதான் என்று எழுதி வைக்கிறேன்.

செப்டம்பர் 17, அறுவடைப் பண்டிகை

அக்கரையிலிருந்து வந்த குடும்பங்களெல்லாம் வழக்கம்போலக் குன்றில் ஏறி வடக்கே பார்த்து விழுந்து கும்பிட்டோம். நெற்றி தரையில் படும் நேரம் பார்த்து ஊளை. "முன்னோர்கள் ஏப்பம் விடறாங்க" என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. என் சபையில் இப்படி நடந்ததே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் தெக்கியூ கேட்டான். "அம்மா, இந்த வருஷமாவது ஒன்பதாம் மாசம் ஒன்பதாம் தேதி அப்பாவுக்குச் சோறு வெச்சிடலாமா?"

நிலாக் கணக்கில் அது அடுத்த மாதம் வரும்; செத்த நாள் தெரியாதவர்களுக்கு அன்றுதான் படையல். வடக்கே ஆளை விட்டுவிட்டு வந்த எல்லா வீட்டிலும் வைக்கிறார்கள். எங்கள் வீட்டில் மட்டும் அன்று அடுப்பே எரியாது.

"உசுரோட இருக்கற மனுஷனுக்குப் படையல் வெச்சுக் கொல்லச் சொல்றியா? பெத்த அப்பனையா?"

"தொண்ணூத்தஞ்சு வயசும்மா இப்ப அவருக்கு."

"இருக்கட்டும். அவரு பரம்பரையே இரும்பு. உங்க சித்தப்பனப் பாரு, சாகற மாதிரியா இருக்கு?"

தெக்கியூ வெளியே போய் உட்கார்ந்தான். உதடு நீலமாக இருந்தது.

அண்ணன் செத்தால்தான் அண்ணி கிளம்புவார். அண்ணி கிளம்பினால்தான் பையன் பிழைப்பான். எவ்வளவு சுலபம்! சுலபமாக இருப்பதுதான் பயமாக இருக்கிறது.

செப்டம்பர் 24, செவ்வாய்

பொய்களின் பேரரசர் இன்று தம் வாழ்நாள் சாதனையை நிகழ்த்தினார்.

அண்ணி பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். எதிரே போய் உட்கார்ந்து, "அண்ணன் கனவுல வந்தாரு, அண்ணி" என்றேன். செத்தவர்கள்தான் பசியென்று கனவில் வருவார்கள். இது எல்லோருக்கும் தெரிந்தது. அவர் காதில் ஏறுவதற்குள் மூன்று தடவை கத்தவேண்டியிருந்தது. எதிர்வீட்டு நாய்க்குக்கூட என் கனவு மனப்பாடமாகியிருக்கும்.

"பசிக்குதுன்னாரா?"

"ஆமா. வயிறு முதுகோட ஒட்டிப் போச்சுன்னாரு."

அண்ணி என் வாயையே பார்த்துக்கொண்டு கேட்டார்: "எப்படி இருந்தாரு? கெழவனாகிட்டாரா?"

இதற்கு நான் தயாராகப் போகவில்லை. கிழவனாக அண்ணனை நினைத்துப் பார்க்க எனக்கு வரவேயில்லை. "இல்ல அண்ணி, படகுல ஏத்திவிட்டப்ப இருந்தாரே, அதே மாதிரி. கறுகறுன்னு முடி. கன்னத்துல குழி" என்று அலங்காரம் வேறு செய்தேன்.

அண்ணி பூண்டைக் கீழே வைத்தார்.

"செத்தவங்க, செத்த வயசுலதான தம்பி வருவாங்க."

அண்ணியே விரலை மடக்கிக் கணக்குப் போட்டார்.

"அப்ப அந்தக் குளிர்லயே போயிட்டாரு."

ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன்! தொண்ணூற்றைந்து வயதில், குளிருக்கு இதமாகச் சூடேற்றிய தரையில், போர்வைக்குள் நிம்மதியாக அவரைச் சாகவிடத்தான் நினைத்தேன். இருபத்திரண்டிலேயே கொன்றுவிட்டேன். முடி நரைத்திருந்தது, இருட்டில் சரியாகப் பார்க்கவில்லை என்று மாற்றிச் சொல்லப் பார்த்தேன். அவர் திரும்பிக்கொண்டார். என் வாயைப் பார்க்காதவருக்கு என் சொல் எப்படிக் கேட்கும்?

"இத்தன வருஷமும் பட்டினி போட்டிருக்கேன்" என்றார், சுவரைப் பார்த்து.

செப்டம்பர் 25

அண்ணி அழவில்லை. அழுதுதொலைத்திருக்கலாம்.

அக்டோபர் 11, வெள்ளி. ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் நாள்

குவித்த சோறு, முள்ளங்கிச் சூப், வாட்டிய மீன், பேரிக்காய், கஷ்கொட்டை, அரிசி மது. எல்லாம் அண்ணியே செய்தார். எங்களை அடுப்புப் பக்கம் விடவில்லை.

கும்பிட்டோம். சோற்றில் கரண்டியை நட்டுவைத்து, வந்தவர் சாப்பிடட்டுமென்று நாங்கள் முற்றத்துக்கு வந்து நின்றோம். ஆவி வருவதற்காகக் கதவு விரியத் திறந்திருந்தது. அதன் வழியே அந்தச் சத்தம் நேராக உள்ளே போனது. படையல் இருக்கும் அறைக்குள் ஏதோ ஒன்று ஊளையிட்டபடி நுழைவதை நானும் தெக்கியூவும் பார்த்துக்கொண்டு நின்றோம். பார்த்துக்கொண்டு என்றா எழுதினேன்? பார்க்க என்ன இருந்தது?

மற்ற முன்னோர்களின் படையலில், கொஞ்ச நேரத்தில் ஆவிக்குக் குரல் கொடுப்பதுபோல இருமிவிட்டு உள்ளே போவோம். நான் இருமினேன். அண்ணி கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அவசரப்படுத்தாத. மெதுவா சாப்பிடட்டும். பழக்கம் விட்டுப் போயிருக்கும்."

சூப் ஆறி, மேலே கொழுப்பு வெள்ளையாக உறையும்வரை நின்றோம். அப்புறம் அவரே சொன்னார்: "கெளம்பலாம்டா தெக்கியூ. இங்க இனி யாருக்காக உக்காந்திருக்கணும்?"

ஜெயித்துவிட்டேன். இவ்வளவு மோசமான ஜெயிப்பை நான் கண்டதில்லை.

நவம்பர் 9, சனி

கிளம்பிவிட்டார்கள். சக்கரவர்த்தி நாட்டை விட்டு ஓடுவது மரபல்ல என்று அறிவித்துவிட்டு நான் தங்கிவிட்டேன். உண்மையில் கோழிகளை யார் பார்ப்பது?

அண்ணி ஒரு தடவைகூட வீட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. கார் போனதும் சத்தம் ஆரம்பித்தது. இன்று சிரிப்பு மாதிரி.

டிசம்பர் 15, ஞாயிறு

தெக்கியூ போன் செய்தான். குறட்டை விடுகிறானாம். கீழ்வீட்டுக்காரர் புகார் சொல்லுமளவுக்கு! என் பிள்ளை பிழைத்துக்கொண்டான்.

பிறகு அண்ணி போனை வாங்கினார். கேட்கும் கருவி பொருத்தியிருக்கிறார்கள்.

"அவரு மறுபடி வந்தாரா தம்பி?"

"நேத்து வந்தாரு. ஏப்பம் விட்டாரு. மீன்ல உப்புக் கம்மின்னாரு."

"வாய் அப்படியேதான் இருக்கு பாரு" என்று சிரித்தார். எனக்கும் உற்சாகம் வந்தது. "புது வீட்டுக்கு வழி கேட்டாரு அண்ணி. பதினாலாவது மாடி, லிஃப்ட்ல வாங்கன்னு சொல்லிட்டேன்."

அண்ணி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வர வேண்டாம்னு சொல்லிடு."

"ஏன் அண்ணி?"

"அவருக்கு இருபத்திரண்டு. எனக்குத் தொண்ணூத்திரண்டு. யாரு பாட்டி நீங்கன்னு கேட்டுட்டா?"

கணவாய் மீனைத் திமிங்கிலமாக்கத் தெரிந்தவன் நான். கோழிக்குத் தீனி வைக்கணும் என்று போனை வைத்துவிட்டேன்.

2025 ஜனவரி 19, ஞாயிறு

இஞ்சோன் போனேன். எழவுக்கூடத்தில் வைப்பதற்கான படத்தை உயிரோடிருக்கும்போதே எடுத்துவைப்பது இங்கே எல்லாக் கிழடுகளும் செய்வதுதான். என்னுடையதில் நான் கண்ணடித்துக்கொண்டிருக்கிறேன். அண்ணி தன்னுடையதைச் செய்துகொண்டிருந்தார். ஆனால் எப்படி?

ஹேஜின் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தாள். அண்ணியின் இன்றைய முகத்தைத் திரையில் போட்டு வயதைக் குறைத்துக்கொண்டே போகிறாள். அறுபது. நாற்பது.

"பாட்டி, போதுமா?"

"இன்னும் போ. பத்தொன்பதுக்குப் போ."

"சின்னத் தாத்தா, நீங்களாச்சும் சொல்லுங்களேன். எனக்குப் பயமா இருக்கு."

"மூக்கு இவ்வளவு பெருசில்லடி" என்றார் அண்ணி, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு. "சுருக்கமெல்லாம் அழி. புருவத்துத் தழும்ப மட்டும் அழிக்காத. அவரு மக்காச்சோளக் கட்டைய விளையாட்டா வீசுனப்ப பட்டது. அதப் பாத்தா தெரிஞ்சுக்குவாரு."

தெக்கியூ என்னை இழுத்துக்கொண்டு போய்க் கேட்டான்: "சித்தப்பா, உங்களுக்கு நிஜமாவே கனவு வந்துச்சா?"

"வந்துச்சுடா" என்றேன்.

பிப்ரவரி 16

அண்ணி சாப்பாட்டைக் குறைத்துவிட்டாராம். கல்யாணச் சட்டையின் அளவுக்கு இளைக்க வேண்டுமாம்.

மார்ச் 6, வியாழன்

எழவுக்கூடம். சாமந்திப் பூக்களுக்கு நடுவே, கறுப்பு நாடா கட்டிய சட்டத்துக்குள் பத்தொன்பது வயதுப் பெண். அவள் பக்கத்தில் எழுபத்து நான்கு வயது மகன், சவரம் செய்யாமல், நல்ல ஆரோக்கியத்தோடு.

இந்தப் பெண்ணை எனக்குத் தெரியும். படகில் என்னை முதுகில் கட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காதே என்று என் தலையைப் பின்னால் கைவிட்டு அமுக்கினவள்.

பக்கத்துக் கூடத்துக்கு வந்த ஒரு பெரியவர் வழி தவறி எங்களிடம் வந்துவிட்டார். படத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றார்.

"அடக் கடவுளே... இவ்வளவு சின்னப் பொண்ணா? கல்யாணம் ஆயிடுச்சா?"

தெக்கியூ தலையாட்டினான்.

"பாவம். புருஷன் எங்கே?"

தெக்கியூ என்னைப் பார்த்தான்.

"வந்துக்கிட்டிருக்காரு" என்றேன்.

பெரியவர் இரண்டு முறை விழுந்து கும்பிட்டார். பிறகு வாசல் பக்கம் ஒதுங்கி, கொஞ்ச நேரம் காத்து நின்றார்.