ஒல்லியும் சிவப்புப் பொடியும்

செப்டம்பர் 4, திங்கள்

ஆஸ்பத்திரி வார்டில் எத்தனையோ பார்த்தவன் நான். இன்று பத்தாம் வகுப்புப் பையன்கள் முன்னால் நிற்கத்தான் பயந்துவிட்டேன். "நீங்க பள்ளிக்கூட நர்ஸ், காயத்துக்குக் கட்டுப் போட்டா மட்டும் போதுமா? ஆரோக்கியமா வாழ்றது எப்படின்னு பசங்களுக்குச் சொல்லுங்க" என்று தலைமை ஆசிரியை அனுப்பிவிட்டார். காலைச் சாப்பாட்டை விடாதீங்க, நல்லாத் தூங்குங்க, ஓடியாடுங்க என்று அடுக்கிக்கொண்டே போனேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்:

"சார், உங்களுக்கு எத்தனாவது மாசம்?"

குனிந்து பார்த்தேன். தொப்பை சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. வகுப்பே சிரித்து உருண்டது. ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்த தலைமை ஆசிரியை இருமுவதுபோல வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். அது இருமல் இல்லை. இருமல் எனக்குத் தெரியாதா?

வீட்டில் சொன்னேன். மனைவி கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். "ஊருக்குத்தான் உபதேசம்னு பசங்க கண்டுபிடிச்சுட்டாங்க, விடுங்க."

செப்டம்பர் 6, புதன்

சிக் ரூமில் ஈ ஓட்டினேன். ஒரு மூக்கு ரத்தம். ஒரு பொய் வயிற்றுவலி — கணக்குப் பரீட்சை.

செப்டம்பர் 12, செவ்வாய்

அவர்கள் என்னிடம் வராவிட்டால் என்ன, நான் போகிறேன் என்று இடைவேளையில் மைதானத்துக்குப் போனேன். பையன்கள் கம்பியில் தொங்கி, தாடை கம்பியைத் தாண்ட மேலே ஏறிக்கொண்டிருந்தார்கள். நானும் தொங்கினேன். தொங்கினேன், அவ்வளவுதான். துவைத்துக் காயப்போட்ட போர்வை மாதிரி.

"சார், ஏறுங்க!"

"இதான்டா ஏறுனது."

கைதட்டினார்கள். கிண்டல்தான், ஆனாலும் கைதட்டல் கைதட்டல்தானே! ஒருத்தன் ஓடிவந்து தோளை எப்படி வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தான். நரம்பு மாதிரி இருந்தான். எல்லோரும் 'ஒல்லி' என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆனால் பத்து தடவை ஏறி இறங்குகிறான், மூச்சு வாங்கவில்லை.

செப்டம்பர் 15, வெள்ளி

வந்துவிட்டார்கள்! மதியம் சிக் ரூமில் உட்கார இடமில்லை. கட்டிலில் நாலு பேர், ஜன்னலில் ஒருத்தன். பருவைக் கிள்ளினால் தழும்பு விழுமா? ஷேவ் பண்ணினால் மீசை சீக்கிரம் வருமா? கம்பியில் தொங்கினால் உயரமாவோமா? ராத்திரி போனை வைக்க மனசு வரலையே, என்ன பண்றது? (இதற்கு எனக்கே பதில் தெரிந்தால் தேவலை.)

"இங்க பேசுறது இந்த ரூமைத் தாண்டாதுல்ல சார்?" என்றான் ஒருத்தன்.

"தாண்டாதுடா" என்றேன், பெருமையாக.

செப்டம்பர் 20, புதன்

சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

இரண்டாவது பீரியடில் ஒல்லி தலைவலி என்று வந்தான். மணிக்கட்டைப் பிடித்தால் நாடி குதிரை மாதிரி ஓடுகிறது. விரல் நடுங்குகிறது. காலையில் என்ன சாப்பிட்டாய் என்றேன். ஒன்றுமில்லை என்றான். மெல்ல மெல்லத்தான் வாயைத் திறந்தான். ஜிம்மில் ஒரு அண்ணன் பொடி தருகிறாராம். சிவப்பாக இருக்குமாம். டப்பாவில் பேர் கிடையாது, ஒன்றும் கிடையாது. தண்ணீரில் கலக்கிக் காலையில், மதியம், சாயங்காலம். குடித்தால் பசிக்காதாம், தூக்கமும் வராதாம், ஆனால் உடம்பு ஏறுமாம்.

"எதுக்குடா இவ்ளோ அவசரம்?"

சுவரைப் பார்த்தபடி சொன்னான். "என் தம்பி என்னைவிட வளர்ந்துட்டான் சார். வீட்டுக்கு யார் வந்தாலும் அவன்கிட்டதான் 'நீதான் மூத்தவனா'ன்னு கேக்குறாங்க. அவனும் ஆமாங்கிறான்."

எனக்குச் சிரிப்பு வந்தது, பாவமாகவும் இருந்தது.

"நெஞ்சு எப்பவாவது படபடன்னு...?"

"நேத்து ஓடும்போது கண்ணு இருட்டிருச்சு."

உடனே போனை எடுத்தேன். அவன் முகம் வெளிறிப் போனது. "ரூமைத் தாண்டாதுன்னீங்க! அப்பாகிட்ட வேணாம் சார், காலைப் பிடிக்கிறேன்!"

பேசிவிட்டேன். வேற என்ன பண்றது? சொல்லுங்க, வேற என்ன பண்றது? நெஞ்சு அப்படி அடிக்குது, கண்ணு இருட்டிச்சுங்கிறான். பார்த்துக்கிட்டு சும்மா இருக்கவா? அவங்க அப்பா கிரேன் ஓட்டுறவர், வேலையைப் போட்டுட்டு ஓடி வந்தார். கதவையே மறைக்கிற ஆள். நானும் கூடவே கிளினிக்குக்குப் போனேன். ஈ.சி.ஜி. எடுத்தார்கள். பொடியை நிறுத்தினால் சரியாகிவிடும், சரியான நேரத்தில் வந்தீர்கள் என்றார் டாக்டர். அப்பாடா!

வரும் வழியெல்லாம் ஒல்லி என் பக்கம் திரும்பவே இல்லை.

செப்டம்பர் 21, வியாழன்

சிக் ரூம் காலி.

செப்டம்பர் 25, திங்கள்

இன்றும் காலி. மைதானத்துக்குப் போனால் கூட்டம் கலைகிறது. "போட்டுக்கொடுக்கிறவர் வர்றார்டா" என்று காதில் விழுகிற மாதிரியே சொன்னார்கள். தலைமை ஆசிரியை தேடி வந்து, "நல்ல வேலை பண்ணீங்க" என்றார். நல்ல வேலைதான். செய்தவனுக்குத்தான் சோறு இறங்கவில்லை.

மனைவியிடம் புலம்பினேன். "போன் பண்ணது தப்பில்லைங்க. எதுவுமே வெளிய போகாதுன்னு வாக்குக் குடுத்தீங்களே, அது தப்பு. அதைப் போய் அவங்ககிட்டயே சொல்லுங்களேன்" என்றாள். தபால் ஆபீஸ் கவுண்டரில் நாள் முழுக்க ஜனங்களோடு மல்லுக்கட்டுகிறவள். வாயைத் திறந்தால் வெட்டு ஒன்று துண்டு ரெண்டுதான்.

செப்டம்பர் 27, புதன்

மறுபடி பத்தாம் வகுப்பு. சொற்பொழிவு இல்லை. மேஜை ஓரத்தில் உட்கார்ந்து சொன்னேன்: "எல்லாத்தையும் ரகசியமா வெச்சுக்குவேன்னு சொன்னேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. பரு, மீசை, காதல், கத்திரிக்காய் எல்லாம் எனக்குள்ளயே இருக்கும். உயிருக்கு ஆபத்துன்னா வீட்டுக்குச் சொல்லிடுவேன். சொல்றதுக்கு முன்னாடி உங்ககிட்ட சொல்லிட்டுதான் சொல்வேன். அப்புறம் கூடவே வருவேன். இதான் பேச்சு."

யாரும் சிரிக்கவில்லை. ஒல்லி மட்டும் வெளியே மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். மரத்தில் ஒன்றுமே இல்லை.

அக்டோபர் 3, செவ்வாய்

கிரேன்காரர் வந்தார். நாற்காலி பத்தவில்லை, கட்டிலில் உட்கார்ந்தார், அது முனகியது. ஜிம்முக்குப் போய் ஒரு பிடி பிடித்துவிட்டு வந்தாராம். இப்போது அங்கே யாரும் பொடி விற்பதில்லையாம். "பையன் இப்ப காலையில முட்டையும் ரொட்டியும் சாப்பிடுறான் சார். நாடியும் நார்மல்னு டாக்டர் சொல்லிட்டார். ஆனா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டே இருக்கான்."

பொடியை எதற்குக் குடித்தான் என்று சொன்னானா என்று கேட்டேன். அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை. தம்பி விஷயத்தை ஒல்லி ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை. நான் சொல்லலாமா, அவனே சொல்லட்டுமா — பாம்புன்னு அடிக்கவும் முடியலை, பழுதுன்னு தாண்டவும் முடியலை. கடைசியில், "இந்த வயசுல நீங்க எப்படி இருந்தீங்க?" என்று மட்டும் கேட்டேன்.

அந்த மலை மனிதர் வெட்கப்பட்டுச் சிரித்தார். "நானா? குச்சி சார். காத்தடிச்சா பறந்துடப் போறேன்னு அக்கா என் சட்டையைப் பிடிச்சுக்குவா. கல்யாணத்துக்குக் கொஞ்சம் முன்னாடிதான் இப்படி ஆனேன்."

"இதை அவன்கிட்ட சொல்லியிருக்கீங்களா?"

"இதைப் போய் யாராவது பெத்த புள்ளைகிட்ட சொல்வாங்களா?"

"இன்னைக்குச் சொல்லுங்க."

அக்டோபர் 5, வியாழன்

இடைவேளையில் கம்பியில் தொங்கினேன். அரைத் தடவை ஏறினேன். பார்க்க ஒருத்தனும் இல்லை. கொடுமை!

அக்டோபர் 10, செவ்வாய்

வராந்தாவில் ஒல்லி எதிரே வந்தான். நின்றான். "அப்பாவோட பழைய போட்டோ பார்த்தேன்" என்றான். அவ்வளவுதான். ஆனால் முகத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டு போனான். நாலடி போனதும் அடக்க முடியாமல் தோள் குலுங்கியது.

அக்டோபர் 18, புதன்

மதியம் கதவு திறந்தது. ஒல்லி. பின்னால் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருத்தன், குண்டு குண்டாகக் கண்ணீர். உடம்பைக் குறைக்கிறேன் என்று மூன்று நாளாக வெறும் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறான். படி ஏறும்போது தலை சுற்றி உட்கார்ந்துவிட்டானாம். ஒல்லிதான் கையைப் பிடித்து இழுத்து வந்திருக்கிறான்.

அவனைப் படுக்கவைத்து, ரத்த அழுத்தம் பார்த்து, சர்க்கரை கலந்த தண்ணீரை மெல்ல மெல்லக் குடிக்கவைத்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் ஒல்லியே பெரிய மனுஷன் மாதிரி அவனிடம் ஆரம்பித்தான்:

"முன்கூட்டியே சொல்லிடுறேன்டா. இவர் வீட்டுக்குச் சொல்லிடுவாரு. நீ அழுதாலும் சொல்லிடுவாரு. ஆனா கூடவே வருவாரு."

பையன் என்னைப் பார்த்தான். ஒல்லியைப் பார்த்தான். மூக்கை உறிஞ்சினான். அப்புறம் சொன்னான்:

"அப்ப அம்மா நம்பருக்கு அடிங்க சார். அப்பா கத்துவாரு."