இரட்சிப்புக்கு ஒரு தேதி

1953 நவம்பர் 6, வெள்ளி

விடியலிலிருந்து மழை. கடையில் கருப்பட்டிச் சிப்பங்களைப் பலகைமேல் ஏற்றச் சொல்லி இரண்டு தரம் ஆள் அனுப்பினேன். இந்த ஈரத்தில் தரையில் கிடந்தால் பாகாய்ப் போகும். வீட்டுக்காரர் ஏற்றினாரோ என்னவோ. கேட்டால் "ம்" என்பார். அதற்கு அர்த்தம் நானேதான் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.

மத்தியானம் வேதக்கோயிலில் பெண்கள் கூட்டம். ஊழியத்துக்கு வெளியூரிலிருந்து வந்திருக்கும் சாராள் சகோதரி பேசினார்கள். வெள்ளைச் சேலை, ஒட்டிய கன்னம், கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவர்கள். மணி மாதிரிக் குரல். நன்றாக இருந்தது, கடைசிக் கால் மணி நேரம் வரைக்கும்.

அவர்கள் கூட்டம் நடத்துகிற இடமெல்லாம் ஒரு வழக்கமாம். ஒவ்வொருத்தியாக எழுந்து, தான் மனந்திரும்பி இரட்சிக்கப்பட்ட தேதியைச் சொல்லி, ஸ்தோத்திரம் சொல்லி உட்கார வேண்டும். முதலில் எழுந்தது தங்கம்மாள் மயினி; எனக்கு அவள் மயினி, அவளுக்கு நான் மயினி. "பங்குனி பன்னிரண்டு, சாயங்காலம், ஸ்தோத்திரம்." டக்கென்று சொன்னாள். அடுத்தடுத்து எல்லாரும் ஒரு தேதி. என் முறை வந்தது. எழுந்தேன். வாயைத் திறந்தேன். கல்யாண வீட்டிலும் துக்க வீட்டிலும் பேச்சை நிறுத்தாத ஞானப்பூ அத்தை என்று பேரெடுத்த நான், கோயிலில் ஊமையாக நின்றேன்.

"எனக்குத் தேதி தெரியலையே, சகோதரி."

"இரட்சிப்பு மறந்துபோகிற காரியமா, அம்மா? ஜெபம் பண்ணுங்கள். வருகிற வெள்ளிக்கிழமை வந்து சொல்லுங்கள்."

அன்பாகத்தான் சொன்னார்கள். கோபமாகச் சொல்லியிருந்தால் திருப்பி நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

இராத்திரி ரசமும் துவையலும். ரசத்தில் உப்புப் போட்டேனா என்று நினைவில்லை. போட்டிருக்கவில்லை.

நவம்பர் 7, சனி

மழை விட்டுவிட்டு. துணி காயவில்லை, வீடு முழுக்கக் கொடி.

யோசித்துப் பார்த்த நாட்கள்:

ஞானஸ்நானம். கைக்குழந்தை. நன்றாகத் தூங்கினேன் என்று அம்மா சொல்வாள்.

திடப்படுத்தல். நற்கருணைக்குத் தகுதியாக்குகிற சடங்கு, பதினைந்து வயசு. பேராயர் கை என் தலைமேல். என் நினைப்பெல்லாம் புது ரவிக்கை கக்கத்தில் பிடிக்கிறதே என்பதில்.

காலரா வந்த வருஷம். முழங்காலில் நின்றேன், பிழைத்தோம். ஆனால் அதற்கு முந்தின வருஷமும் முழங்காலில் நின்றவள்தானே.

வருஷா வருஷம் நடக்கிற கன்வென்ஷன் கூட்டத்துப் பந்தல். யார் யார் மனந்திரும்புகிறீர்கள், கையைத் தூக்குங்கள் என்றார்கள். தூக்கினேன். மறுவருஷமும் கேட்டார்கள், தூக்கினேன். மூன்றாம் வருஷமும் தூக்கினேன். பக்கத்தில் இருந்தவள் தூக்கும்போது நான் மட்டும் சும்மா இருப்பதா? இதில் எந்தக் கையைக் கணக்கில் எடுப்பது?

இயேசுவைத் தெரியாமல் இருந்த ஒரு நாள் எனக்கு நினைவில் இல்லை. அவர் எங்கள் வீட்டில் எனக்கு முன்னாலேயே இருந்தவர். இப்போது அதுவே குற்றம் போல ஆகிவிட்டது.

மத்தியானம் தங்கம்மாள் மயினி உளுந்து அரைக்க வந்தாள். அவள் வீட்டு ஆட்டுரல் மழுங்கிவிட்டது, கொத்துகிறவன் இன்னும் வரவில்லை.

"எதுக்கு மயினி இம்புட்டு விசாரம்? ஒரு தேதியைச் சொல்லிட்டு உக்காருமே. சகோதரி என்ன காலண்டரா எடுத்துப் பாக்கப் போறாவ?"

"அவங்க பாக்க மாட்டாங்க. அவரு பாப்பாருல்லா?"

ஆட்டுகிற கையை நிறுத்தினாள். அப்புறம் ரொம்ப நேரம் உளுந்தைப் பற்றியே பேசினாள்.

அவள் போன பிறகு, மூன்றாவது கன்வென்ஷன் தேதியை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன், கண்ணாடி முன்னால். நன்றாகத்தான் இருந்தது. யாரும் நம்புவார்கள். கண்ணாடியில் இருந்தவள் மட்டும் நம்பவில்லை.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "தேதிதானே வேணும்? கடைக் காலண்டர்ல ஒண்ணைக் கிழிச்சுக் கொண்டு போ" என்றார். இரண்டு மணி நேரம் அவரோடு பேசவில்லை. அவருக்கு அது தெரிந்ததா என்பது சந்தேகம்.

நவம்பர் 8, ஞாயிறு

வானம் வெளுத்தது. கோயிலில் நற்கருணை, அப்பமும் திராட்சரசமும்.

நான் அதை வாங்கப் போகவில்லை. பந்தி பந்தியாக எல்லாரும் எழுந்து பீடத்துக்குப் போய் முழங்காலிட்டார்கள். தேதி இல்லாதவள் இரட்சிக்கப்படாதவள் என்றால், அந்த அப்பத்தைத் தொட எனக்கு என்ன உரிமை? திடப்படுத்தல் ஆன நாளிலிருந்து உடம்புக்கு முடியாமல் கிடந்ததைத் தவிர நான் போகாமல் இருந்ததில்லை. என்னைத் தாண்டிப் போனவர்களின் சேலை என் முழங்காலில் உரசியது. தலையைக் குனிந்துகொண்டேன். எல்லாரும் பார்த்தார்கள்.

திரும்பும்போது வீட்டுக்காரர் ரயில்வே கேட் வரைக்கும் ஒன்றும் கேட்கவில்லை. கேட் அடைத்திருந்தது. கூட்ஸ் வண்டி போய் முடிகிற வரைக்கும் நின்றோம்.

"பசிச்சவ பந்தியில உக்காராம வாரது இன்னைக்குத்தான் பாக்கேன்" என்றார். அவ்வளவுதான்.

அழுகை வந்தது. புகை கண்ணில் பட்டது என்றேன்.

நவம்பர் 10, செவ்வாய்

வெயில். வற்றல் எல்லாம் மாடியில்.

காலையில் அஞ்சலை வந்தாள், மீன் கூடையோடு. காசிமேட்டுப் பக்கம் வீடு, புருஷன் கட்டுமரத்தில் போகிறவன். மீன் அரியும்போது நான் வேதக் கதை சொல்வேன், அவள் நடுவில் நடுவில் நியாயம் பேசுவாள். இப்படியே வருஷங்கள்.

"இன்னா அத்தே, மூஞ்சி கருவாடு மாரி கீது?"

"ஒண்ணுமில்ல. மீனைக் காட்டு."

"காரப்பொடி மீனு. தோ, வாயத் தொறந்துகினு கீது பாரு. நீதான் தொறக்க மாட்டேன்ற." அரிவாள்மனையைப் போட்டு உட்கார்ந்தாள். "ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காத. நீ எத்தப் பாத்து அந்த சாமிய நம்புற? உங்கம்மா சொல்லிச்சின்னா? எங்கம்மாவும்தான் எங்க சாமியப் பத்தி சொல்லிச்சி."

இதற்கு எனக்கு வாய் வந்தது. தேதிதான் இல்லையே தவிரக் காரணம் இல்லாமல் இல்லை.

"இங்க பாரு. அவரு கல்லறையில இருந்து எந்திரிச்சதை முதல்ல பாத்தது யாரு? விடியக்காலத்துல போன பொம்பளைக. எங்க ஊரு வழக்குல பொம்பளை சாட்சியை எவனும் எடுத்துக்கிட மாட்டான். அந்தக் காலத்துல அங்கயும் அப்படித்தான். கதை கட்டுதவனா இருந்தா நாலு பெரிய மனுசனைக் கல்லறைக்கு அனுப்பியிருப்பான்லா? பொம்பளைக ஓடி வந்து சொன்னாங்க, ஆம்பளைக நம்பலைன்னுல்லா எழுதியிருக்கு."

"அது கரீட்டு. மேகம் கட்டிகினு வருதுய்யா, போவாதன்னு எங்க ஆள்கிட்ட சொன்னேன். கம்முனு கெடடீன்னான். அப்பால கோழிக்குஞ்சு மாரி நனஞ்சிகினு வந்து நின்னான்."

"இன்னொண்ணு. சீஷர்கள்ல பெரியவன் பேதுரு. ஒரு வேலைக்காரப் பிள்ளைக்குப் பயந்து, அவரை எனக்குத் தெரியவே தெரியாதுன்னுட்டான். பின்னால அவன்தான் எல்லாருக்கும் தலைவன். தலைவன் மானம் போற விசயத்தை யாராவது எழுதி வப்பாங்களா? மறைக்காம எழுதியிருக்கு. அப்படிப் பயந்தவனே அப்புறம், அடிச்சாலும் கொன்னாலும் நான் அவரை உயிரோட பாத்தேன்னு நின்னான். பாக்காமலா நின்னிருப்பான்? அவனும் மீன் பிடிக்கிறவன்தான்."

"அப்போ நம்ம ஆளு."

"ஒங்க ஆளுதான்."

செதிலைத் தட்டி மீனைச் சட்டியில் போட்டாள். பிறகு கேட்டாள்: "சரி, அவரு எந்திரிச்சாரு. நீ செத்தா அவராண்ட போவியா? கண்டிசனா தெரியுமா உனக்கு?"

கத்தி மாதிரி இறங்கியது. ஆமாம் என்று சொல்ல வேண்டிய இடம். நான் "குழம்புக்குப் புளி ஊறப் போடணும்" என்று உள்ளே போய்விட்டேன்.

"இன்னா அத்தே, அம்மாம் பேசிட்டு இதுக்கு மட்டும் ஓடற?" என்று வாசலிலிருந்து குரல்.

மீன் குழம்பு நன்றாக வந்தது. வேண்டா வெறுப்பாகச் செய்தால் நன்றாக வருகிறது.

நவம்பர் 12, வியாழன்

காற்றும் மழையும். நாளை வெள்ளி.

வீட்டுக்காரர் காலையில் எண்ணூர் போனார், உப்பு வியாபாரியைப் பார்க்க. மத்தியானச் சாப்பாட்டுக்கு வர வேண்டியவர். வரவில்லை. நாலு மணிக்கு எதிர்வீட்டுக்காரர் சொன்னார், திருவொற்றியூர்ப் பக்கம் ரோடு எல்லாம் தண்ணீர், பஸ் நிற்கிறது என்று. முருங்கைக் கீரை உருவினேன். கீரையை விட்டுவிட்டு வாசலுக்குப் போனேன். திரும்பி வந்து கொஞ்சம் உருவினேன். மறுபடி வாசல். சைக்கிள் மணி, செருப்புச் சத்தம், எது கேட்டாலும் காது போகிறது.

நிற்கும்போது தோன்றியது. இந்தக் காது எப்போதிலிருந்து இப்படி ஆயிற்று? கல்யாணத்தன்று நான் பார்த்தது அவர் கால் கட்டைவிரலை மட்டும். நகம் பிளந்திருந்தது. தெற்கேயிருந்து பட்டணத்துக்கு வந்த முதல் வருஷம், இந்தக் குறட்டைக்காரனிடம் என்னைத் தள்ளிவிட்டார்களே என்று அப்பாவை மனசுக்குள் திட்டியிருக்கிறேன். தாலி ஏறிய தேதி தெரியும். பிரியம் வந்த தேதி? தெரியாது. சத்தியமாகத் தெரியாது. ஒருநாள் பார்த்தால் இருந்தது.

விளக்கு ஏற்றுகிற நேரத்துக்குத் தெருமுனையில் குடை தெரிந்தது. குடையில் துணி பாதி இல்லை.

"ஏளா, வாசல்ல எதுக்கு நனையுத?"

"எங்க போனிய? மத்தியானம் வாரேன்னுல்லா சொன்னிய? சோறு ஆறிப்போய்க் கெடக்கு, ஒரு மனுசி இங்க உசுரைக் கையில பிடிச்சிக்கிட்டு…"

"பஸ்ஸு நின்னுட்டு. நடந்து வாரேன்."

"இந்த மழையிலயா? அங்கனயே யார் வீட்லயாவது தங்கிட்டு வரக்கூடாதா?"

"வீடு இங்க இருக்கு. அங்க எதுக்குத் தங்குதேன்?"

துண்டு எடுத்துத் தலை துவட்டினேன். சுக்கு போட்டுக் காபி கொடுத்தேன். குடித்துவிட்டுத் தூங்கிவிட்டார். குறட்டை.

நான் மட்டும் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு வாரமாக என் நெஞ்சையே தோண்டிக்கொண்டிருந்தேன், விசுவாசம் இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது, எந்தத் தேதியில் முளைத்தது என்று. இன்றைக்கு வாசலில் நின்றபோது நெஞ்சு முழுக்கப் பயம். நான் பயந்ததால் அவர் வராமல் போனாரா? நான் வாசலில் நின்றதால்தான் வந்தாரா? இரண்டும் இல்லை. அவர் வருகிறவர், வந்தார்.

ஒரு கருப்பட்டி வியாபாரியை இவ்வளவு நம்புகிறேன். சிலுவை வரைக்கும் எனக்காக நடந்தவரை நம்ப, என் நெஞ்சில் என்ன தேதி தேடினேன்?

சிரிப்பு வந்தது. தனியாகச் சிரித்தேன். "என்னளா" என்று தூக்கத்தில் கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

நவம்பர் 13, வெள்ளி

தூறல். நீலச் சேலை கட்டிக்கொண்டு போனேன்.

சாராள் சகோதரி என்னைத்தான் முதலில் பார்த்தார்கள். எழுந்தேன்.

"சகோதரி, ஒரு வாரமா ஜெபம் பண்ணினேன். தேதி இல்ல. கெடைக்கவும் கெடைக்காது. பொய்த் தேதி ஒண்ணு வச்சிருந்தேன், அதைச் சொல்லப் போறதில்ல. ஆனா நான் அவருக்குச் சொந்தம். அதுல எனக்குச் சந்தேகம் இல்ல."

"தேதி இல்லாமல் எப்படி நிச்சயம், அம்மா?" உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்கள்.

"இங்க உக்காந்திருக்கவங்க எல்லாம் கல்யாணம் ஆனவங்க. வீட்டுக்காரர்மேல பிரியம் வந்த தேதியை யாராவது ஒருத்தி சொல்லட்டும், நான் உக்காந்துக்கிடுதேன்."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "எனக்கு இன்னும் வரலையே, அத்தை." கோயில் என்றும் பார்க்காமல் சிரித்தார்கள். போதகரின் மனைவி ஐயரம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள்.

சிரிப்பு அடங்கியதும் மீதியைச் சொன்னேன். "பிரியம் எனக்கு ஒருநாள் கூடும், ஒருநாள் குறையும். அதை எடை போட்டுக்கிட்டே இருந்தா எனக்கு என்னைக்கும் தூக்கம் வராது. எம் பிடி வழுக்கிரும். அவரு பிடிச்ச பிடி வழுக்காது. நான் நம்புதது அதை." இதைவிட நீளமாகத்தான் பேசினேன். எல்லாம் எழுதக் கை வலிக்கிறது.

சகோதரி கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள். பிறகு மெதுவாக: "எனக்கு ஒரு தேதி உண்டு, அம்மா. அன்றைக்கு நான் வேறு ஒருத்தியாக இருந்தேன். என்னைக் கூப்பிட்ட மாதிரியே எல்லாரையும் கூப்பிடுவார் என்று நினைத்துவிட்டேன்." என் கையைப் பிடித்தார்கள். குளிர்ந்த கை. சரியாகச் சாப்பிடுவதில்லை போல. திங்கட்கிழமை மத்தியானம் நம் வீட்டில் சாப்பாடு என்று சொல்லிவிட்டேன்.

வெளியே செருப்புப் போடும்போது தங்கம்மாள் மயினி இடுப்பில் இடித்தாள்.

"மயினி, யாருட்டயும் சொல்லாதீரும். பங்குனி பன்னிரண்டு எங்க எருமை கன்னு போட்ட தேதி. திடீர்னு கேட்டாவளா, வேற ஒண்ணும் வாயில வரல."

ரயில்வே கேட் வரைக்கும் இரண்டு பேரும் சுவரைப் பிடித்துப் பிடித்துச் சிரித்துக்கொண்டே வந்தோம். கிளம்புமுன் ஐயரம்மாவிடம் கேட்டிருந்தேன், அடுத்த நற்கருணை எப்போது என்று. அடுத்த மாசம் இரண்டாம் ஞாயிறு. காத்திருக்கலாம்.

நவம்பர் 14, சனி

காற்று. கடல் சத்தம் வீட்டுக்குள் கேட்கிறது. யாரும் கட்டுமரம் இறக்கவில்லையாம்.

அஞ்சலை வெறுங்கையோடு வந்தாள். மீன் இல்லாமல் அவள் வந்து நான் பார்த்ததில்லை. படியில் உட்கார்ந்தாள்.

"அன்னிக்குக் கேட்டதுக்கு நீ பதில் சொல்லல. போவியா, மாட்டியா?"

"போவேன்."

"நீ அம்மாம் நல்லவளா?"

"இல்ல. ஒன்னைத் திட்டாத நாள் உண்டா? அவரு நல்லவரு."

என் முகத்தையே பார்த்தாள்.

"எங்க ஆளு கடலுக்குப் போனா, திரும்பி வர்ற வரிக்கும் கரையாண்டயே நின்னுகினு கீறேன், அத்தே. இன்னிக்கு வூட்லதான் கீறான், அப்பவும் போயி நின்னுட்டு வரேன். நீ சொல்ற ஆளு என்னிய மாரி ஆளுங்கள சேத்துக்குவாரா?"

"சேத்துக்கிடுவாரு."

"தேதி, நாளு எதுனா பாக்கணுமா?"

உள்ளே உலை கொதித்தது. கொதிக்கட்டும் என்று அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன்.