ஏழாம் கிளாஸ் மண்

இன்று காலை, நாம் இருவரும் சேர்ந்து ஆரம்பித்த நாற்றுப் பண்ணையில் விதை போடும் குழித்தட்டுகளைக் கழுவ பிளீச்சிங் பவுடர் மூட்டையைப் பிரித்தார்கள். அந்த நெடி ஏறியதும் வேலையை அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்து உட்கார்ந்துவிட்டேன். உன்னிடம் சொல்லாதது ஒன்று இருக்கிறதடி, தோழி.

மாரண்டஹள்ளிப் பக்கம் தக்காளியெல்லாம் வாடல் நோயில் நின்றபடியே செத்த வருஷம் அது. நம் நாற்றைத்தான் எல்லோரும் குறை சொன்னார்கள். நீ நோய் கண்ட மண்ணைப் பத்துத் தொட்டிகளில் நிரப்பி, ஒரே பாக்கெட் விதையை ஊன்றினாய். எந்தச் செடி கடைசிவரை தாக்குப்பிடித்ததோ, அதன் வேர்மண்ணில் ஒரு கைப்பிடி எடுத்து அடுத்த பத்துத் தொட்டி நோய் மண்ணில் கலந்தாய். விதை மாறவே இல்லை. மண்ணுக்குள் இருக்கும் நுண்ணுயிர்க் கூட்டத்தைத்தான் சுற்றுக்குச் சுற்று பொறுக்கினாய்.

“மண்ணுக்கா பரீட்சை வெக்கறே?” என்று கேலி செய்தேன்.

“ஆமாடி. பாஸான மண்ணுதான் அடுத்த கிளாசுக்குப் போவும்.”

அன்றிலிருந்து நமக்கு ஒவ்வொரு சுற்றும் ஒரு கிளாஸ். ஆறாம் கிளாசில் ஒரே ஒரு தொட்டியில் மட்டும் ஓர் இலைகூடத் தொங்காமல் செடி நின்றது. நீ அதைப் பார்த்து அழுதாய். அதற்கும் உன்னைக் கிண்டல் செய்தேன், பாவி.

அந்த வாரமே உன்னைச் சேலம் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கும் இங்கும் அலைந்ததில் அந்தத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்ற மறந்தேன். செடி காய்ந்துபோனது. எல்லாம் போயிற்று என்று மண்ணைக் குப்பையில் கொட்டி, தொட்டியை பிளீச்சிங் தண்ணீரில் கழுவி, அந்தத் தண்ணீரையும் கொட்டிய மண்ணின்மேலேயே ஊற்றினேன். பண்ணைக்காரியின் பழக்கம், கை தானாகச் செய்தது. செடி செத்தாலும் மண் உயிரோடுதான் இருந்திருக்கும் என்பது தொட்டியைக் கவிழ்த்து வைத்த பிறகே உறைத்தது. குப்பைமேட்டில் மண்டியிட்டுத் தோண்டினேன். கையெல்லாம் பிளீச்சிங் வாடைதான் வந்தது.

மறுநாள் மூக்கில் குழாயோடு நீ கேட்டாய்:

“ஏழாங்கிளாசுல சேத்துட்டியாடி?”

“சேத்துட்டேன்.”

“எப்படி இருக்குது?”

“ஜம்முனு நிக்குது.”

“அல்லா பாத்துக்குவான்,” என்று சிரித்தாய். நாலே நாளில் போய்விட்டாய்.

ஒன்றாம் கிளாசிலிருந்து நான் திரும்ப ஆரம்பித்தேன். இரண்டு தடவை நாலாம் கிளாசிலேயே எல்லாம் வாடிவிட்டன. இது மூன்றாவது தடவை. எந்தத் தொட்டியைப் பொறுக்குவது என்று உன்னைப்போல எனக்குப் பார்க்கத் தெரியவில்லை.

நீ போனதைக்கூட எப்படியோ தாங்கிக்கொள்கிறேன். கடைசியாக உன் முகத்தில் வந்த சிரிப்பு நான் சொன்ன பொய்க்கு வந்தது. அதை எங்கே கொண்டுபோய் இறக்கி வைப்பது என்றுதான் தெரியவில்லை.