படகுக்கு நானே ஆயில் மாற்றிவிட்டேன்

என்னங்க,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். கட்டுப் போட்ட கையோடு அடுப்புப் பக்கம் போகாதீர்கள்.

"உனக்கெதுக்கு இந்த வேலை? எஞ்சினைக் கெடுத்துடுவே" என்று நேற்றுக் கத்தினீர்களே, அந்த ஆயிலை இன்று நானே மாற்றிவிட்டேன். எஞ்சினைக் கொஞ்சம் சூடாக்கி, பழைய ஆயிலைக் கைப்பம்பால் உறிஞ்சி எடுத்தேன். புது ஃபில்டரும் போட்டாயிற்று. ஓடவிட்டுப் பார்த்தேன், ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை.

பக்கத்துப் படகுக்கார அண்ணன் பழைய ஆயில் டப்பாவைப் பார்த்து, "வீட்டுக்காரருக்குக் கை சரியாயிடுச்சா?" என்றார்.

"இல்லண்ணே, நான்தான் மாத்தினேன்" என்றேன். மனிதர் டப்பாவை இன்னொரு தடவை குனிந்து பார்த்தார்.

இன்று பயணிகளை அக்கரைக்கு நானே கொண்டுபோகிறேன். படகுச் சாவியைத் தேட வேண்டாம், என்னிடம் இருக்கிறது.

பி.கு.: கோபம் தீராவிட்டாலும் மதியம் துறைக்கு வாருங்கள். நான் படகைக் கொண்டுவந்து கட்டுவதை நீங்கள் பார்க்க வேண்டும்.