கீழே வைத்த கேமரா

தம்பி,

நேற்று டிவியில் உன் கேமரா பார்த்த மழையை மறுபடி பார்த்தேன். கம்பமெட்டுச் சாலை ஒருக்களித்துக் கிடந்தது. ஓரத்தில் கவிழ்ந்த ஜீப்பின் ஒற்றைச் சக்கரம். உன் மனைவி காலையிலேயே போன் செய்திருந்தார்: "அண்ணே, இன்னைக்கு விருது விழாவுல அவுக எடுத்ததக் காட்டப்போறாகளாம். விளம்பரத்துல வந்துச்சு. பேரச் சொல்லுவாக, வந்துருங்க."

பழனிசெட்டிபட்டியில் உன் வீட்டுக்கு ஐந்து மணிக்கே போய்விட்டேன். அப்பாவின் பெயர் வரும்போது பதிவு செய்ய உன் மகள் கைபேசியோடு காத்திருந்தாள்.

டெல்லியில் வருஷா வருஷம் நடக்கிற விழாதான். நாட்டிலுள்ள சேனல்கள் ஒன்றின் முதுகை ஒன்று சொறிந்துகொள்ள ஒரு மேடை. காலைச் செய்திக்கு ஒரு விருது, மதியச் செய்திக்கு ஒன்று, வானிலை வாசித்ததற்கு இரண்டு. வெறுங்கையோடு போன சேனல் எதையும் நான் பார்க்கவில்லை. வாங்கியவர்கள் எல்லோரும் எதிர்பார்க்கவே இல்லை என்றார்கள். சொல்லிவிட்டு, சட்டைப் பையிலிருந்து எழுதி வைத்த பேச்சை எடுத்தார்கள்.

உன் காட்சி எட்டாவதாக வந்தது. மலைச்சாலைத் தொழிலாளர்கள் பற்றிய படமாம். 'சிறந்த காட்சிமொழி' விருது. வாங்கியவர், நீ அனுப்பியதைச் சென்னையில் உட்கார்ந்து வெட்டி ஒட்டியவர். தேனிப் பக்கம் அவர் வந்ததாக எனக்குத் தகவல் இல்லை. நடுவர் ஒருவர் அந்தச் சாய்ந்த கோணத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். முகங்களைக் காட்டாத நாகரிகமாம். கவிழ்ந்த உலகத்தைக் கவிழ்ந்தபடியே காட்டிய துணிச்சலாம். விருதாளர் பணிவாகத் தலை குனிந்து, அந்தக் கோணத்துக்காக மூன்று நாள் யோசித்ததாகச் சொன்னார்.

என் பத்திரிகைக்குச் செய்தி எடுக்க நானும் உன்னோடு அங்கே இருந்தேனே, தம்பி. மூன்று நொடிகூட ஆகவில்லை. ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போன ஜீப், உள்ளே பெண்கள். நீ கேமராவை ரோட்டோரம் வைத்துவிட்டு ஓடினாய். நிறுத்த மறந்தது உனக்கே தெரியாது. அது படுத்த வாக்கில் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அன்று சாயங்காலம் சேனலிலிருந்து கூப்பிட்டு, ஒரு முகம்கூட இல்லாமல் என்னய்யா எடுத்தாய் என்று வைதார்கள். அடுத்த வாரம் சேனல் மைக்கைத் திருப்பி வாங்கிக்கொண்டு, இனி நீ வேண்டாம் என்றார்கள். மாசியில் நீ மாரடைப்பில் போனபோது அங்கிருந்து ஒரு போன்கூட இல்லை. அதே காட்சிக்குத்தான் நேற்று எழுந்து நின்று கைதட்டினார்கள். உன் குரல் இருந்த இடத்தில் வயலின் வாசித்தது.

விருதாளர் நன்றி சொன்னார். முதலாளிக்கு, விளம்பரதாரருக்கு, தனக்குத் தலை வாரிவிட்டவருக்கு. ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி. அடுத்த விருதுக்கு ஆள் மேடையேறிய பிறகுதான் உன் மகள் கைபேசி பிடித்த கையை இறக்கினாள்.

உன் மனைவி டிவியை அணைத்தார். "பேரச் சொல்லாட்டிப் போறாக. மூணு நாளு யோசிச்சேங்கிறாரே அந்த ஆளு. இவுக யோசிச்சிருந்தா உள்ள கெடந்த பொம்பளைக என்னண்ணே ஆகியிருப்பாக?"

உன் மகள் என் பக்கம் திரும்பிக் கேட்டாள்: "வயலின் வாசிச்ச எடத்துல அப்பா என்ன பேசுனாக, பெரியப்பா? நீங்க அங்கனதான இருந்தீக?"

இருந்தேன். டிரைவரிடம் ஜீப்பில் வந்தவர்களின் பெயர்களைக் கேட்டு நோட்டில் குறித்துக்கொண்டிருந்தேன். நீ ஜீப்புக்குள்ளிருந்து கத்தினாய். "பேர அப்புறம் எழுதலாம்ணே. இந்த ஆத்தாள ஒரு பக்கம் பிடிங்க."

அதை அவளிடம் நீ சொன்ன மாதிரியே சொன்னேன். அவள் சிரித்தாள், அப்பா அப்படித்தான் என்றாள்.

எழுதிக்கொண்டிருந்த பெயரை முடித்துவிட்டுத்தான் நான் வந்தேன் என்பதை அவளிடம் சொல்லவில்லை. தகப்பன் பெயரோடு, ஊரோடு, திருத்தமாக எழுதி முடித்தேன். அந்த மேடையில் நின்றவர்களை நேற்று வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டு வீட்டுக்கு வந்து படுத்தேன். அந்த ஒரு பெயரை எழுதி முடிக்க ஆன நேரம் மட்டும் என்னைவிட்டுப் போகவில்லை.